மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: நம் வீட்டில் எத்தனை பேர்?

2020 ஏப்ரல் மாதம். ஊரடங்கில் வேலை இல்லாமல் ஊரே வீட்டுக்குள் முடங்கியிருந்த நேரம். ரமளான் பிறக்கச் சில நாட்களே இருந்தன. எங்கள் ஆரணியில் ஜமாஅத் சார்பாக அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுப்பது என்று முடிவானது. யாருக்கெல்லாம் கொடுப்பது? பள்ளிவாசல் சந்தா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியல் எழுதினோம். இரண்டே நாளில் எல்லா வீட்டுக்கும் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம்.

மறுநாள் அஸருக்குப் பிறகு ஒரு சகோதரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கணவர் மவுத்தாகி மூன்று வருடம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். "ஹஜ்ரத், தெருவுல எல்லா வீட்டுக்கும் வந்துச்சு, எங்களுக்கு மட்டும் வரலியே" என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். சந்தா கட்டும் ஆண் அந்த வீட்டில் இல்லை. அதனால் அந்த வீடே நோட்டில் இல்லை. அதே வாரத்தில் இன்னொன்றும் தெரிய வந்தது. ஜுமுஆவில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டுப் போகும் வடமாநில இளைஞர்கள் ஆறு பேர், ஒரே அறையில் அடைந்து கிடந்தார்கள். கம்பெனி மூடிவிட்டது. அவர்களும் நம் நோட்டில் இல்லை. இரு தரப்புக்கும் கொடுத்துவிட்டோம். ஆனால், கேட்டு வந்த பிறகுதான் கொடுத்தோம். நாமாகத் தேடிப் போகவில்லை.

யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. நோட்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான். இதையே ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தச் சகோதரி நம் வீட்டு வாசல் வரை வந்து கேட்க முடிந்தது. டெல்லியிலும் சென்னையிலும் கோப்புகளை வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை மூட்டை அரிசி, எத்தனை மருத்துவர் என்று பிரிப்பவர்களின் வாசலுக்கு யார் போய் நிற்பது? அவர்கள் கையில் இருக்கும் நோட்டுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அது இப்போது புதிதாக எழுதப்படவிருக்கிறது.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ஆரணி என்றதும் பலருக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு ஆரணிதான் நினைவுக்கு வரும். வெளியூர் உறவினர்கள் பஸ் ஏறும்போதே குழம்பிவிடுவார்கள். நாம் சொல்வது திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணி ஆற்றை ஒட்டிய பேரூராட்சி. ஆந்திராவில் பிறந்து, ஊத்துக்கோட்டை வழியாக வந்து, பழவேற்காட்டில் கடலோடு சேரும் ஆறு அது. ஒரு பக்கம் பொன்னேரி, இன்னொரு பக்கம் பெரியபாளையம், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்.

2001-ல் திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 27 லட்சத்து 55 ஆயிரம். 2011-ல் அது 37 லட்சத்து 28 ஆயிரம். பத்தே ஆண்டில் 35 விழுக்காடு வளர்ச்சி. அதே காலத்தில் தமிழ்நாடு முழுவதும் சேர்த்து வளர்ச்சி 15.6 விழுக்காடுதான். 2018-ல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் பகுதிகள் சென்னையோடு போய்விட்டன. ஆகவே அந்த 37 லட்சம் என்பதும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் எண்ணிக்கை அல்ல. இதற்கிடையில் தேர்வாய்கண்டிகையில் புதிய தொழிற்பேட்டை வந்தது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் வந்து தங்கினார்கள். எங்கள் ஊரில் வாடகைக்கு ஒரு அறை கிடைப்பதே சிரமமாகிவிட்டது. இன்று இந்தப் பகுதியில் எத்தனை பேர் வாழ்கிறோம்? உண்மையில் யாருக்கும் தெரியாது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு முதலில் கொரோனாவால் தள்ளிப்போனது, பிறகும் தள்ளிக்கொண்டே போனது. 2011-ல் பிறந்த குழந்தை இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறது. அரசின் கணக்கில் அது இன்னும் கைக்குழந்தைதான்.

இந்தியாவில் முதல் கணக்கெடுப்பு 1872-ஐ ஒட்டி நடந்தது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எடுத்தது 1881-ல். அதிலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை, இரண்டாம் உலகப் போரின் காலத்திலும் விடாமல் நடந்தது. 2021-ல்தான் அந்தச் சங்கிலி அறுந்தது. சுதந்திர இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் கீழ் இது நடக்கிறது. இப்போது வரவிருப்பது 16-வது கணக்கெடுப்பு. 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கை வெளியானது. சுமார் 30 லட்சம் களப்பணியாளர்கள் ஈடுபடுகிறார்கள். பெரும்பாலும் ஆசிரியர்கள், நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சரே நம் கதவைத் தட்டலாம்.

மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் மக்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும், அப்படி எழுதியபோது ஆயிரத்து ஐநூறு ஆண்கள் இருந்ததையும் ஹுதைஃபா (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். எண்ணிக்கை தெரிந்ததும் தோழர்களுக்கு வந்த தைரியமும் அதே அறிவிப்பில் இருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இது தீவான் என்ற முறையான பதிவேடாக வளர்ந்தது. யாருக்கு எவ்வளவு மானியம் என்பது அந்தப் பதிவேட்டைப் பார்த்தே முடிவானது. குழந்தைகளுக்குப் பால் மறந்த பிறகுதான் மானியம் என்று முதலில் விதி இருந்தது. ஓர் இரவு நகர் சோதனையில் ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு விசாரிக்கிறார்கள். மானியம் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று தாய் அவசரமாகப் பாலை நிறுத்தியிருக்கிறார். கலீஃபா கலங்கிப்போய், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் அன்றிலிருந்தே மானியம் என்று விதியை மாற்றினார்கள். பதிவேட்டில் பெயர் எப்போது ஏறுகிறது என்பது தொட்டில் வரை பாதிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இன்றைக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராமத்தில் 75 விழுக்காடு பேருக்கும் நகரத்தில் 50 விழுக்காடு பேருக்கும் மலிவு விலை தானியம் என்கிறது. எத்தனை பேரில் 75 விழுக்காடு? 2011-ன் மக்கள்தொகையில். அதன்படி நாடு முழுவதும் சுமார் 81 கோடிப் பேர். அதன் பிறகு கூடிய மக்கள் கணக்கிலேயே வரவில்லை. பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதனால் விடுபட்டிருப்பார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸும் ரீதிகா கேராவும் மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் என்ற முறை இருப்பதால் நமக்கு அந்த வலி தெரிவதில்லை. மத்திய ஒதுக்கீட்டில் குறைவதை மாநில அரசு சமாளிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஒன்று, துணை நிலையம் 5 ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது அளவுகோல். பேரூராட்சி வார்டு பிரிப்பதும், நிதிக்குழு மாநிலங்களுக்கு வரிப் பங்கு பிரிப்பதும் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். 15-வது நிதிக்குழு 2011 கணக்கை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு என்று தீர்மானித்தது.

நம் சமுதாயத்துக்கு இது செய்ததும் சிறிதல்ல. முஸ்லிம்களின் கல்வி, வேலை, வறுமை நிலையை நாட்டின் முன் வைத்த சச்சார் குழு அறிக்கை 2006-ல் வந்தது. அதற்கு முன்பும் நாம் மேடைகளில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம், யாரும் கேட்கவில்லை. 2001 கணக்கெடுப்பின் எண்களையும் மற்ற அரசுப் புள்ளிவிவரங்களையும் வைத்துச் சச்சார் பேசியபோது மறுக்க முடியவில்லை. அதே 2001 எண்களை வைத்துத்தான் சிறுபான்மையினர் அதிகம் வாழும் 90 பின்தங்கிய மாவட்டங்கள் தேர்வாகி, பள்ளிக் கட்டடங்களும் விடுதிகளும் ஒதுக்கப்பட்டன. பல வருட மேடைப் பேச்சு செய்யாததை ஓர் அட்டவணை செய்தது. மேடையில் பேசிப் பழகிய நமக்கு இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான்!

இவ்வளவு சொன்ன பிறகும் நம் தெருக்களில் ஒரு பயம் இருக்கிறது. அது காரணமில்லாத பயமும் அல்ல. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. 2020-ல் வீட்டுக் கணக்கெடுப்போடு சேர்த்து என்.பி.ஆர். என்ற மக்கள்தொகைப் பதிவேட்டையும் புதுப்பிப்பதாக இருந்தது. அதில் பெற்றோர் பிறந்த இடம், தேதி என்ற கேள்விகள் இருந்தன. அதனால் அப்போது கையில் பேப்பரோடு யார் வந்தாலும் நம் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். கொசு ஒழிப்புக்கு வந்தவரையும் திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. அண்மையில் எஸ்.ஐ.ஆர். என்ற வாக்காளர் பட்டியல் திருத்தமும் நடந்து, பழைய பட்டியலில் அத்தாவின் பெயரைத் தேடி அலைந்த களைப்பு இன்னும் போகவில்லை. ஆகவே, "மறுபடியும் எதையோ எடுக்க வர்றாங்களாம்" என்று சொல்பவர்களை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் இவை வேறு வேறு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எஸ்.ஐ.ஆர். தேர்தல் ஆணையத்தின் வேலை. என்.பி.ஆர். என்பது 2003-ஆம் ஆண்டின் குடியுரிமை விதிகளின் கீழ் வருவது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1948-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் வருவது. குடிமகனா இல்லையா என்று தீர்மானிப்பது அதன் வேலை அல்ல. இந்த மண்ணில் வாழும் எல்லோரையும் அது எண்ணுகிறது. கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளையும் எண்ணுகிறது. அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தனி மனிதர் கொடுத்த விவரத்தை வேறு யாரும் பார்வையிட முடியாது. கணக்கெடுப்புச் சட்டத்தின் கீழான வழக்குகளைத் தவிர, எந்த நீதிமன்றத்திலும் அதைச் சான்றாக வைக்க முடியாது. விவரத்தை வெளியே சொல்லும் அலுவலருக்கும், கேட்கக் கூடாததைக் கேட்கும் அலுவலருக்கும் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மறுபக்கம், பதில் சொல்ல மறுக்கும் நமக்கும் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

முதல் கட்டமான வீட்டுக் கணக்கெடுப்பு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், மாநிலத்துக்கு 30 நாள் வீதம் நடக்கிறது. அதற்கு முந்தைய 15 நாட்களில் நாமே இணையத்தில் பதிவு செய்துகொள்ளும் வசதியும் உண்டு. இதற்கு 33 கேள்விகள் வெளியாகியிருக்கின்றன. சுவர் எது, தரை எது, எத்தனை அறை, குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா, கேஸ் உண்டா, இணையம் உண்டா, என்ன தானியம் அதிகம் சாப்பிடுகிறீர்கள் என்பது போன்றவை. மதம் பற்றிய கேள்வி இதில் இல்லை. பெற்றோர் பிறந்த ஊர் இல்லை. ஆதார் எண், வங்கிக் கணக்கு இல்லை. ஆவணம் எதையும் காட்ட வேண்டியதும் இல்லை. வாயால் சொல்வதுதான் பதிவு. கைப்பேசி எண் மட்டும், கணக்கெடுப்புத் தொடர்புக்காகக் கேட்பார்கள். வருபவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. யாராவது போன் செய்து ஓ.டி.பி. கேட்டால் அவர் கணக்கெடுப்பாளர் அல்ல, திருடர்.

ஆட்களை எண்ணும் இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில். மதம், தாய்மொழி, கல்வி, வேலை போன்றவை அப்போதுதான் வரும். அங்கேதான் நம் வீடுகளில் தவறுகள் நடக்கின்றன. அரசு தவறவிடுவது ஒருபுறம். நாமே மறைப்பதும் மறப்பதும் அதிகம். 2011-ல் கணக்கு முடிந்த பிறகு மாதிரிச் சோதனை செய்து பார்த்ததில், ஆயிரத்துக்கு 23 பேர் வீதம் விடுபட்டிருந்தது தெரிந்தது.

முதலில் விடுபடுவது கைக்குழந்தை. "வீட்டில் எத்தனை பேர்?" என்றால், "நாங்க நாலு பேர், அப்புறம் குழந்தை" என்று சொல்கிறோம். அந்த 'அப்புறம்' பல நேரம் எழுதப்படுவதில்லை. அங்கன்வாடிக்கும் தடுப்பூசிக்கும் அடிப்படை அந்தக் குழந்தைதான்.

அடுத்து நம் வீட்டுப் பெண்களின் வேலை. "வீட்டம்மா என்ன செய்கிறார்?" "ஒண்ணும் செய்யல, சும்மா வீட்லதான் இருக்காங்க." உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்! வீட்டிலிருந்தபடி துணி தைத்துக் கொடுப்பது, பூக் கட்டுவது, கடை வியாபாரத்தில் சம்பளமில்லாமல் உதவுவது எல்லாம் கணக்கெடுப்பின் பார்வையில் வேலைதான். முஸ்லிம் பெண்கள் உழைப்பதில்லை என்று அட்டவணை காட்டுவதற்கு நம் வாயும் ஒரு காரணம்.

படிப்பிலும் அப்படியே. ஏழு வயதுக்கு மேல், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்பதில்லை. நம் நன்னிமார்களில் அரபுத் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், உர்தூவில் படித்து எழுதுபவர்கள் உண்டு. அவர்களைப் 'படிக்காதவங்க' என்று சொல்லிவிடுகிறோம். அதே நேரத்தில், பொருள் தெரியாமல் குர்ஆனை ஓத மட்டும் தெரிந்தவரை இந்த வரையறையில் சேர்க்க முடியாது. அந்த ஓதலுக்கான நன்மை அல்லாஹ்விடம் இருக்கிறது; கணக்கெடுப்பில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லவே மனம் வலிக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் காது கேளாத பெண் பிள்ளை இருந்தாள். 2011-ல் மாற்றுத்திறன் பற்றிக் கேட்டபோது, அப்படி யாரும் இல்லை என்று சொன்னதாக அவளுடைய தகப்பனாரே பின்னால் சொன்னார். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். தெரு முழுக்கத் தெரிந்த விஷயத்தை அரசாங்கத்திடம் மட்டும் மறைத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள். எத்தனை வீட்டில் இப்படி 'இல்லை' என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கும்போது அந்த எண்ணை நம்ப முடியவில்லை. சிறப்புப் பள்ளியும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகிறார்கள்.

சவூதியிலும் துபாயிலும் இருக்கும் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசத்தில் அவனையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளிநாட்டில் இருப்பவர் இங்கே எண்ணப்படுவதில்லை. சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர் அங்கே எண்ணப்படுவார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஏறுவதும் பிழைதான்.

பெயர் விஷயத்தில் சட்டமே ஒரு நாகரிகத்தைக் கடைப்பிடிக்கிறது. வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றோ, கணவர் பெயரைப் பெண் சொல்லியே ஆக வேண்டும் என்றோ யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 8-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. 1948-ல் எழுதியவர்களுக்கு நம் வீடுகளைத் தெரிந்திருக்கிறது. ஆனால் பெயர் சொல்லாமல் விடுவது வேறு, ஆளையே சொல்லாமல் விடுவது வேறு.

இந்த முறை பெரிய கேள்வி சாதி. எல்லாச் சாதிகளையும் முழுமையாக எண்ணி வெளியிட்டது 1931-ல் கடைசி. இப்போது மீண்டும் எண்ணப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. நம்மில் சில ஆலிம்கள், "இஸ்லாத்தில் சாதி இல்லை, அந்த இடத்தில் எதுவும் சொல்லாதீர்கள்" என்கிறார்கள். கொள்கையில் அவர்களோடு நமக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. ஒருவரை விட ஒருவர் பிறப்பால் உயர்ந்தவர் என்று சொல்வது மார்க்கத்துக்கே எதிரானது. சமூகங்களும் குலங்களும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளவே என்பதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-வது வசனம் தெளிவாக்குகிறது. ஆனால் இங்கே கேட்பது யார் உயர்ந்தவர் என்று அல்ல. யார் பின்தங்கியவர் என்று.

தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. நம் பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் படிக்க அது வழி திறந்தது. அந்தப் பட்டியலில் அன்சார், தக்கானி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் என ஏழு பிரிவுகள் இருக்கின்றன. 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதிய சான்றிதழுக்கு அங்கே இடமில்லை என்பது, கல்லூரி அட்மிஷன் நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைந்த தகப்பன்மார்களுக்குத் தெரியும். இந்த ஒதுக்கீடு நாளை நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளானால் முதலில் கேட்பது எண்ணிக்கையைத்தான். வன்னியர்களுக்கான 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு என்ன நேர்ந்தது? 2022 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, பழைய விவரங்களைச் சார்ந்திருந்ததை ஒரு பெரிய குறையாகச் சுட்டியது. அந்த விவரங்கள் 1980-களில் அம்பாசங்கர் ஆணையம் வீடு வீடாக எடுத்தவை. அதுவரை தமிழ்நாட்டிடம் அதைவிடப் புதிய கணக்கு இல்லை.

சொல்வதிலும் ஒழுங்கு வேண்டும். 2011-ல் தனியாக எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கில் 46 லட்சத்துக்கும் அதிகமான சாதிப் பெயர்கள் வந்து குவிந்தன. 1931-ல் இருந்தவை 4,147 மட்டுமே. ஒரே பிரிவை ஆளுக்கொரு விதமாகச் சொன்னதால் வந்த வினை. அந்தச் சாதிக் கணக்கு வெளியிடப்படவே இல்லை. ஆகவே மதம் என்ற இடத்தில் இஸ்லாம். சாதி என்ற இடத்தில் உங்கள் வீட்டுச் சாதிச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அது. கணக்கெடுப்பாளர் வருமுன்னே அந்தச் சான்றிதழை எடுத்து ஒருமுறை பார்த்து வையுங்கள். அண்ணன் வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று என்று இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி நாம் 42 லட்சத்து 29 ஆயிரம் பேர், 5.86 விழுக்காடு. அதில் லெப்பை எத்தனை, தக்கானி எத்தனை என்று இன்றைய நிலையைச் சொல்லும் கணக்கு எதுவும் கிடையாது.

தாய்மொழிக்கும் இதே நேர்மை வேண்டும். எங்கள் பகுதியில் வீட்டில் தமிழ் பேசுபவர்களும் உண்டு, உர்தூ பேசுபவர்களும் உண்டு. எது கவுரவம் என்று யோசித்துச் சொல்லாமல், அம்மாவோடு எதில் பேசுகிறோமோ அதைச் சொன்னால் போதும்.

நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை பற்றி எல்லாத் தொலைக்காட்சியிலும் விவாதம் நடக்கிறது. மாநிலங்களுக்கான இடங்கள் 1971 கணக்கின்படி நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதும், 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரைதான் அந்த நிறுத்தம் என்பதும், நம் 39 இடங்களுக்கு என்ன ஆகும் என்ற கவலையும் நியாயமானவை. அது சட்டம் இயற்றுபவர்கள் தீர்க்க வேண்டியது. நம் வீட்டில் ஆளைக் குறைத்தோ கூட்டியோ சொல்வதால் அது தீராது.

ஒரு நடைமுறை விஷயம். 2027 பிப்ரவரி என்பது பிறைக் கணக்கில் பெரும்பாலும் ரமளான். பகலில் பெண்கள் ஸஹர் தூக்கக் கலக்கத்திலும், மாலையில் கஞ்சி வேலையிலும் இருப்பார்கள். ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள். கதவைத் தட்டிவிட்டுப் பதில் இல்லை என்று டீச்சர் திரும்பிப் போய்விடலாம். எந்த நேரம் வந்தால் வசதி என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. 2011 பிப்ரவரியில் மதரஸாக்கள் நடந்துகொண்டிருந்தன, மாணவர்கள் விடுதியில் இருந்தார்கள். இந்த முறை ரமளான் விடுமுறையில் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருப்பார்கள். விடுதியில் எழுதியிருப்பார்கள் என்று வீட்டிலும், வீட்டில் எழுதியிருப்பார்கள் என்று விடுதியிலும் விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை எங்குமே இருக்க மாட்டான். இஃதிகாஃப் இருப்பவர்களையும் வீட்டார் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டி பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடமாநிலச் சகோதரர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது? அவர்களில் பலருக்கு அலுவலரைப் பார்த்தாலே நடுக்கம். வங்காளம் பேசினால் சந்தேகப் பார்வை என்ற காலம் இது. வீட்டு உரிமையாளர்களும், பத்துப் பேரைத் தங்க வைத்திருப்பது தெரிந்தால் வம்பு என்று, "அந்த ரூம் காலி" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பத்துப் பேர் குடிக்கும் தண்ணீரும், அவர்கள் போகும் அரசு மருத்துவமனை வரிசையும் நம்முடையதும்தான். ஜுமுஆ பயானில் ஐந்து நிமிடம் உர்தூவில் இதைச் சொல்வது என்று நாம் தீர்மானித்திருக்கிறோம். நம் உர்தூவைக் கேட்டு அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

வீடே இல்லாதவர்களை எண்ணுவதற்குத் தனி இரவு உண்டு. 2011-ல் அது பிப்ரவரி 28 இரவு. ரயில் நிலையம், பேருந்து நிலையம், கோயில் வாசல், தர்கா வாசல் என்று போய் எண்ணினார்கள். 2027-லும் மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுதான் கணக்கின் குறிப்பு நேரம். நம் பள்ளியின் முன் திண்ணையில் இரவில் மூன்று பேர் படுக்கிறார்கள். ஒருவர் எந்த ஊர் என்று கேட்டாலே எழுந்து போய்விடுவார். முஅத்தினிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்: அன்று தராவீஹ் முடிந்து முன் கேட்டைப் பூட்ட வேண்டாம், விளக்கை அணைக்க வேண்டாம், அலுவலர் வரும்போது அந்தப் பெரியவரின் பக்கத்தில் அவருக்குப் பழக்கமான முகம் ஒன்று இருக்க வேண்டும் என்று.